முப்பத்தெட்டாம் இடம்

சிட்டம்மாள் மூன்று சாக்கு மூட்டைகளை ஆட்டோவிலிருந்து இறக்கியபோது படிப்பகத்து பீரோவில் ஒரே ஒரு தட்டுதான் காலியாக இருந்தது. மற்ற தட்டுகளில் தேர்வுக் கையேடுகளும் பழைய வினாத்தாள்களும் அடைந்து கிடந்தன. கூரை ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. பீரோவுக்கு வெளியே ஒரு தாளைக்கூட வைக்க முடியாது.

மாலை வகுப்பு எடுக்கும் ஜான்சன் சார் ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார். எல்லாம் ஆங்கில நாவல்கள். ஒவ்வொன்றுக்கும் பழுப்புத்தாள் அட்டை போட்டிருந்தது. எது எதுவென்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

"எங்க வூட்டுக்காரரு படிச்சது சார். செங்கல்பட்டு ரூட்ல கண்டக்டரா இருந்தாரே, வேதகிரி. ஆடி மாசம் தவறிட்டாரு" என்றாள் சிட்டம்மாள். "நான் தொகுப்பு வூட்டுக்குப் போறேன். அங்க ஒரு ரூம்புதான். இத்த எங்க வச்சிக்கிறது."

"இவ்ளோத்துக்கும் இங்கயும் எடம் இல்லியேம்மா."

"ஒசத்தியானத நீங்க வச்சிக்கோங்க. மீதிய இன்னா பண்ணுவீங்களோ பண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இதுல எல்லாத்துக்கும் மேல எதுன்னு முடிவு பண்ணதும், யாராவது வந்து அதோட கதய எனக்கு சொல்லணும். எனக்கு இங்கிலீசு தெரியாது."

அவ்வளவுதான் கேட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பின்னாளில், மாலை வகுப்பில் படிக்கும் சசிரேகா தன் நாட்குறிப்பில் இந்த ஒரு வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

ஜான்சன் சாருக்கு இது ஒரு நல்ல பாடமாகப் பட்டது. அவரிடம் படிப்பவர்கள் அஞ்சல் வழியில் ஆங்கில எம்.ஏ. எழுதுகிறவர்கள். பகலில் வேலை, மாலை ஆறிலிருந்து எட்டு வரை வகுப்பு. சீமையில் பெரிய பெரிய ஆட்கள் ஆங்கிலத்தின் தலைசிறந்த நாவல்கள் என்று வருஷத்துக்கு ஒரு பட்டியல் போட்டுச் சண்டை பிடித்துக்கொள்கிறார்கள், உத்திரமேரூரில் நாம் போட்டால் என்ன என்றார். மொத்தம் நாற்பத்தொன்று. முதல் பத்து பீரோவுக்கு. மீதி முப்பத்தொன்று எடைக்கு.

"யாரு பொறுப்பெடுத்துக்கிறீங்க?"

"சசி அக்காதான் சார்" என்றான் அஜய். அவன் செல்போன் கடையில் வேலை செய்கிறவன். "சோத்துல எத்தினி பருக்கன்னு எண்ணிட்டுத்தான் அது கையே வைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். சசிரேகாவும் சிரித்தாள். அப்படித்தான் அந்த வேலை அவள் தலையில் விழுந்தது.

சசிரேகாவுக்கு இருபத்து மூன்று வயது. முனிரத்தினத்தின் நெல் மண்டியில் தரச்சீட்டு எழுதுகிறாள். எதையும் ஒழுங்காகச் செய்வாள், செய்த பிறகு சரியாகச் செய்தோமா என்று மூன்று நாள் உளைந்துகொண்டிருப்பாள். பி.ஏ.யில் இரண்டு தாள் தவறிப் பிறகு எழுதித் தேறியவள். ஆங்கில நாவலுக்குத் தரம் போட நான் யார் என்ற கேள்வி முதல் நாளே அவளுக்கு வந்தது. அதை நாட்குறிப்பில் எழுதினாள். அதற்குக் கீழேயே, ஐப்பசிக் கடைசிக்குள் முடிக்க வேண்டும், ஆறு வாரம் இருக்கிறது என்றும் எழுதினாள்.

ஆறு வாரத்தில் நாற்பத்தொரு நாவலைப் படிக்க முடியாது. ஒரு நாவலுக்கே அவளுக்கு ஒரு மாதம் ஆகும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மண்டியில் முனிரத்தினம் லாரிக்குப் பக்கத்தில் நின்று ஒரு மூட்டைக்குள் குத்தூசியை இறக்கியபோது அவளுக்கு வழி கிடைத்தது.

மண்டிக்கு வருகிற நெல்லை யாரும் மூட்டை மூட்டையாகக் கொட்டிப் பார்ப்பதில்லை. நுனி கூராக, உள்ளே குழாய் போல இருக்கும் குத்தூசியை மூட்டையில் மூன்று இடத்தில் குத்துவார்கள். வாயில் ஒன்று, வயிற்றில் ஒன்று, அடியில் ஒன்று. ஒவ்வொரு குத்துக்கும் கை கொள்ளும் நெல் வரும். அதை உள்ளங்கையில் வைத்து முதலில் ஊதித் தூசியையும் பதரையும் போக்க வேண்டும். பிறகு நிறம், ஈரம், முற்றாத கருக்காய். மூன்று கைப்பிடி நெல்லை வைத்து முந்நூறு மூட்டைக்கு விலை பேசுவார் முனிரத்தினம். இருபது வருஷத்தில் நான்கு தடவைதான் தப்பியிருக்கிறது என்று சொல்லிக்கொள்வார்.

"தூசி தட்டாம தரம் பாக்காத" என்பது அவர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற முதல் விதி.

சசிரேகா அந்த விதியிலிருந்தே தொடங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவல்களைப் படிப்பகத்துத் தரையில் பரப்பி, பழுப்பு அட்டைகளைக் கழற்றி, ஈரத்துணியால் முதுகைத் துடைத்தாள். எல்லாப் புத்தகத்துக்குள்ளும் பழைய பஸ் டிக்கெட்டுகள் செருகியிருந்தன. ரோஜா நிறம், பச்சை, மஞ்சள். சிலவற்றில் ஒன்று, சிலவற்றில் மூன்று. முன்பக்கங்களே இல்லாத ஒரு தடித்த புத்தகத்திலிருந்து கொத்தாக விழுந்தது. பின்புறம் ஏதோ தேதி. கண்டக்டர், பக்கம் மறக்காமலிருக்க வைத்திருப்பார் என்று நினைத்தாள். ஒவ்வொரு புத்தகத்தையும் தலைகீழாகப் பிடித்து உதறினாள். விழுந்ததையெல்லாம் பெருக்கி ஒரு பாலிதீன் பையில் போட்டாள். அவள் எதையும் சட்டென்று எறிகிறவள் இல்லை. பையின் வாயைக் கட்டி, 'குப்பை' என்று ஒரு சீட்டு எழுதிக் குத்தி, பீரோவுக்கு அடியில் தள்ளினாள்.

பிறகு நோட்டில் கட்டம் போட்டாள். வாய், வயிறு, அடி. ஒவ்வொரு நாவலிலும் மூன்று பக்கம் மட்டும். ஒரு பக்கத்துக்கு மொழிக்கு ஐந்து, ஆட்களுக்கு ஐந்து, மேலே படிக்கத் தோன்றுகிறதா என்பதற்கு ஐந்து. மொத்தம் நாற்பத்தைந்து. நூற்று இருபத்து மூன்று பக்கங்களையும் தினமும் கொஞ்சமாக, மண்டியிலிருந்து வந்ததும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தாள். சில நாட்களில் ஒரு பக்கத்தையே மூன்று தடவை படித்து மூன்று வேறு மதிப்பெண் போட்டு, கடைசியில் சராசரி எடுத்தாள்.

ஐப்பசிக் கடைசி வாரத்தில் பட்டியலை வகுப்பில் வாசித்தாள். துறைமுக ஊர் ஒன்றில் உப்புக் கிடங்கு வைத்திருக்கும் மூன்று சகோதரிகளின் கதை முதலிடம். முப்பத்தொன்பது மதிப்பெண். ஜான்சன் சார் அதை முன்பே படித்திருந்தார். சரியான தேர்வு என்று தலையாட்டினார். சசிரேகாவுக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

அஜய் மட்டும் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வந்தான். "முப்பத்தெட்டு இன்னா பாவம் பண்ணிச்சி? பதினோரு மார்க்குதான் குடுத்துகீற."

"பேரே இல்லாத புக்கு. முன்னாடி பக்கமெல்லாம் இல்ல. மூணு எடத்துலயும் ஒண்ணுமே நடக்கல."

"எங்க மாமியார் வூடு மாரி" என்றான் அஜய். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை.

மறுநாள் பழைய பேப்பர் வாங்கும் சுப்ரமணி மூன்று சக்கர வண்டியோடு வந்து முப்பத்தொன்றையும் கயிறு போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார்.

உப்புக் கிடங்கு நாவலை முழுதாகப் படித்துக் கதை சொல்லத் தயாராக சசிரேகாவுக்கு இன்னும் மூன்று வாரம் ஆனது. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காவாந்தண்டலம் போகும் பஸ் ஏறினாள். சிட்டம்மாளின் தொகுப்பு வீடு ஊருக்கு வெளியே வரிசையில் கடைசி. சுவரில் வேதகிரியின் படம், காக்கிச் சட்டையோடு. பக்கத்தில் ஒரு சின்னப் பெண்ணின் மங்கிப்போன படம்.

"குந்து கண்ணு. காப்பி குடிச்சிட்டு சொல்லு" என்றாள் சிட்டம்மாள்.

சசிரேகா குறிப்பு எழுதிய தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு சொன்னாள். மூன்று சகோதரிகள், அவர்கள் அப்பா விட்டுப்போன கிடங்கு, கடைசித் தங்கை கப்பலேறிப் போவது, மூத்தவள் ஒரு புயலில் உப்பு முழுவதும் கரைவதை நின்று பார்ப்பது. ஒன்றரை மணி நேரம் ஆனது. நன்றாகத்தான் சொன்னாள். முடிந்ததும் சிட்டம்மாள் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான் பெரிம்மா."

"இதுல கெணறு எதுவும் வர்லியா?"

"கெணறா?"

சிட்டம்மாள் சுவரிலிருந்த சின்னப் படத்தைக் கையால் காட்டினாள். "அது எங்க கலா. ஆறு வயசு. தொண்ணூத்தாறுல, ஆனி மாசம். நான் நடவுல இருந்தேன். வரப்புலதான் குந்த வச்சிருந்தேன். கெணத்துக்கு சுவரு கெடையாது, பங்காளிங்க பொதுக் கெணறு. திரும்பிப் பாக்கச்சொல்ல புள்ள இல்ல."

சசிரேகா தாளை மடித்தாள்.

"அந்தக் கெணத்த மூடிடுன்னு அவருகிட்ட அழுதேன். மூடுனா நாலு வூட்டுப் பயிரு காஞ்சிடும். அவரு இன்னா பண்ணுவாரு. ஒண்ணும் சொல்லல. ஒரு மாசம் லீவு போட்டுட்டு ஒரு புக்க வச்சிக்கினு குந்திட்டாரு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. என்னத் திட்டவும் இல்ல. ஒரு நாள் சாயந்தரம் நான் அரிசி பொடச்சிக்கினு கீறேன், அவரா சொன்னாரு. 'இதுல ஒர்த்தன் கெணத்த மூடுறான்'னாரு. அவ்ளோதான். அதுக்கப்பறம் சாவுற வரைக்கும் அந்தப் பேச்ச எடுக்கல."

அவள் காலி டம்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"நல்ல புக்காதான இருக்கணும் அது. எல்லாத்துக்கும் மேலதான் அது இருக்கும்னு நெனச்சிக்கினேன். அதான் ஒசத்தி எதுன்னு பாக்க சொன்னேன். அந்த ஆளு எதுக்கு மூடுனான், மூடுனப்பறம் அவன் பொண்டாட்டிக்கி இன்னா ஆச்சி, அதான் எனக்கு வேணும். வேற ஒண்ணும் இல்ல."

கிணற்றில் மண் தள்ளும் ஒரு மனிதனை சசிரேகா தான் படித்த பக்கங்களில் பார்த்திருக்கிறாள். ஒரு பக்கம் முழுக்கப் பார்த்திருக்கிறாள். எந்தப் புத்தகம் என்பதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

"கண்டுபுடிக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்ல" என்றாள் சிட்டம்மாள். "ஒரு புக்கு முடிச்சார்னா கீழ கெடக்குற டிக்கெட் ஒண்ண எடுத்து, தேதி போட்டு அதுலயே வச்சிடுவாரு. தொண்ணூத்தாறு ஆனி, ஆடி தேதி எதுல கீதுன்னு பாரு. அதான்."

"பாக்குறேன் பெரிம்மா" என்று மட்டும் சொன்னாள் சசிரேகா.

படிப்பகத்துச் சாவி அவளிடம் இருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக அங்கே போனாள். பீரோவுக்கு அடியிலிருந்து 'குப்பை' என்று தன் கையெழுத்தில் எழுதியிருந்த பையை இழுத்து, டிக்கெட்டுகளைத் தரையில் கொட்டினாள். நூற்றுப் பதினெட்டு இருந்தன. வருஷவாரியாக அடுக்கினாள். மதியம் முழுவதும் ஆயிற்று.

தொண்ணூற்றாறாம் வருஷத்துக்கு ஒரே ஒரு டிக்கெட். ஆடி மூன்று. மண்நிறமாகிப்போன ரோஜாத் தாள். அதற்கடுத்த வருஷத்திலும் ஆடி மூன்று என்று ஒரு டிக்கெட் இருந்தது. அதற்கடுத்ததிலும் இருந்தது. ஒரு வருஷமும் விட்டுப்போகவில்லை. பிந்திய வருஷத்து டிக்கெட்டுகள் மெஷினில் வந்தவை. அச்சு முழுவதும் வெளுத்துப்போய் வெள்ளைத் தாளாக இருந்தன. பேனாவால் எழுதிய தேதி மட்டும் இருந்தது. மொத்தம் இருபத்தொன்பது.

தலைகீழாகப் பிடித்து உதறியதும் டிக்கெட்டுகள் கொத்தாக விழுந்த புத்தகம் ஒன்றுதான், முன்பக்கங்கள் இல்லாத அது. வேதகிரி முப்பது வருஷமாகப் போட்டு வைத்திருந்த பட்டியலை அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தூசி என்று தட்டிவிட்டிருந்தாள்.

நோட்டைத் திறந்தாள்.

'38. பெயர் இல்லை. எழுதியவர் பெயர் இல்லை. வாய்: குடிவந்த வீட்டின் தண்ணீர் இனிப்பா, உப்பா என்று கணவன் மனைவி பேச்சு. வயிறு: ஒருவன் கிணற்றை மண் போட்டுத் தூர்க்கிறான். பக்கம் முழுவதும் அதுவே. சலிப்பு. அடி: மனைவி ஒரு கேள்வி கேட்கிறாள். பதில் மறுபக்கம், பார்க்கவில்லை. மதிப்பெண் 11.'

அவளுடைய கையெழுத்து எப்போதும் போல நேராக இருந்தது.

திங்கட்கிழமை மண்டிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு சுப்ரமணியின் கடைக்குப் போனாள். அவர் தராசுக்குப் பின்னால் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா, படிப்பகத்துலேர்ந்து எடுத்துக்கினு வந்தீங்களே, இங்கிலீசு புக்குங்க."

"அதுவா. அது போயி மூணு வாரம் ஆவுதே."

"எங்க போச்சி?"

"லோடு வண்டி வரும், ஏத்தி வுட்ருவேன். அட்டக் கம்பெனிக்குப் போவும். இந்நேரம் ஊறவச்சி, அரச்சி, முட்ட அடுக்குற அட்டையா ஆயிருக்கும்." இட்லியைப் பிட்டவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "எதுனா உள்ள வச்சி மறந்துட்டியா? பத்திரம் கித்திரம்?"

"இல்லண்ணா."

"அப்பறம் இன்னாத்துக்கு பேஜார் பண்ணிக்கிற? புக்குதான, கடையில வாங்கிக்கோ."

அஜயும் ஜான்சன் சாரும் இரண்டு நாள் போனில் தேடினார்கள். கிணறு, கணவன், மனைவி, குழந்தை என்று எப்படியெல்லாமோ போட்டுப் பார்த்தார்கள். என்னென்னவோ வந்தது. அது வரவில்லை. பெரிய ஆட்கள் போட்ட எந்தப் பட்டியலிலும் அப்படி ஒரு நாவல் இல்லை.

"எதுனா ஒண்ண அதுதான்னு சொல்லிடுக்கா" என்றான் அஜய். இந்தத் தடவை அவன் விளையாட்டாகப் பேசவில்லை. "கெணறு ஒண்ண நீயே உள்ள வச்சிடு. அந்தம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது? மனசு ஆறும்."

அதையும் சசிரேகா யோசிக்காமல் இல்லை. நாட்குறிப்பில் இரண்டு பத்தியாகப் பிரித்து, அப்படிப் பொய் சொல்வதற்கும் சொல்லாமலிருப்பதற்கும் காரணங்கள் எழுதினாள். இரண்டு பக்கமும் சமமாக வந்தது. புதன்கிழமை மாலை வகுப்புக்குப் போகாமல் காவாந்தண்டலம் பஸ் ஏறினாள். டிக்கெட் பையும் நோட்டும் மடியில் இருந்தன.

சிட்டம்மாள் வாசலில் துவரை உரித்துக்கொண்டிருந்தாள். "கெடச்சிதா?"

சசிரேகா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். குத்தூசி, மூன்று பக்கம், உதறியது, முப்பத்தெட்டு, சுப்ரமணி. ஒன்றையும் விடவில்லை. அழுதுவிடக் கூடாது என்று நினைத்திருந்தாள், அழவில்லை. ஒரு நூலில் கோத்து எடுத்துவந்த இருபத்தொன்பது டிக்கெட்டுகளை நீட்டினாள்.

சிட்டம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எண்களை அவளுக்குப் படிக்கத் தெரியும்.

"வருசா வருசமா?"

"ஆமா பெரிம்மா."

"இத்தினி தடவையா குந்திப் படிச்சிக்கீறாரு" என்றாள். "நான் வேற வேற புக்குன்னு நெனச்சிக்கினேன். எல்லாத்துக்கும் ஒரே அட்டையா இருக்கும்."

தெருவில் மாடுகள் திரும்பிக்கொண்டிருந்தன.

"நீ மூணு பக்கம் படிச்சன்னியே. அந்த மூணு பக்கத்த சொல்லு."

சசிரேகா பக்கத்தில் உட்கார்ந்தாள். நோட்டில் இருந்தது நான்கு வரி. இரண்டு நாளாக யோசித்து யோசித்து அதற்கு மேல் கொஞ்சம் மீட்டெடுத்திருந்தாள். முதல் பக்கத்தில் அவர்கள் புது வீட்டுக்கு வருகிறார்கள், அவள் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு இனிக்கிறது என்கிறாள், அவன் உப்பு என்கிறான், இருவரும் சிரிக்கிறார்கள். இரண்டாவது பக்கத்தில் அவன் மட்டும் தனியாக மண்ணை வெட்டித் தள்ளுகிறான். அக்கம்பக்கத்து ஆட்கள் மண்வெட்டியோடு வந்து நிற்கிறார்கள். வேண்டாம், போங்கள் என்கிறான். பக்கம் முடியும்போது கிணறு பாதிகூட நிறையவில்லை.

"கொழந்த?"

"அந்தப் பக்கத்துல வர்ல. நான் பாத்ததுல வர்ல."

"உம். மூணாவது?"

"ரொம்ப வருஷம் கழிச்சி. ரெண்டு பேருக்கும் வயசாயிடுது. சாப்புட்டுக்கினு கீறாங்க. அந்தம்மா திடீர்னு அவன்கிட்ட கேக்குறா. 'அன்னிக்கி யார் மேல தப்புன்னு நீ நெனைக்கிற'ன்னு."

சிட்டம்மாளின் கை துவரைக் காய் மேல் அப்படியே நின்றது.

"அவன் இன்னா சொன்னான்?"

"பக்கம் அத்தோட முடிஞ்சிட்ச்சி பெரிம்மா. நான் திருப்பிப் பாக்கல."

சிட்டம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் சசிரேகாவின் வாயில் ஒரு பதில் வந்து நின்றது. யார் மேலும் தப்பில்லை என்று அவன் சொன்னதாகச் சொல்லிவிடலாம். சொல்ல ஒரு மூச்சு போதும்.

"தெரியாததுக்கு நீயா ஒண்ணு சொல்லாத" என்றாள் சிட்டம்மாள், அவள் நினைத்தது கேட்டுவிட்டது போல.

"இல்ல பெரிம்மா. சொல்லல."

சிட்டம்மாள் டிக்கெட்டு நூலை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முறத்தை ஓரமாகத் தள்ளினாள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.

"மொதல்லேர்ந்து சொல்லு" என்றாள். "தண்ணி இனிக்குதுன்னு சொன்னாளே, அங்கேர்ந்து."

சசிரேகா சொன்னாள். மூன்றாவது பக்கம் வந்தது. அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள், அவள் கேட்டாள். சசிரேகா அங்கே நிறுத்தினாள்.